ஒரே கம்பெனி செஞ்சும் ரெண்டு விமானமும் பேசிக்கல: பாதுகாப்பு சாஃப்ட்வேர்ல பொது ஸ்டாண்டர்ட் வேணுமா வேண்டாமா?

கோட்மணி:
எஃப்-22ம் எஃப்-35ம் ஒரே அமெரிக்க விமானப்படையோட போர் விமானங்கள், ரெண்டையும் கட்டினதும் லாக்ஹீட் மார்ட்டின் தான். ஆனா எஃப்-22வோட ரகசிய டேட்டாலிங்க் (விமானங்கள் தங்களுக்குள்ள தகவல் அனுப்பிக்கிற ரேடியோ இணைப்பு) வேற, எஃப்-35ஓட மேடல் (MADL)ங்கிற லிங்க் வேற, அந்த ரெண்டும் நேரா பேசிக்க முடியாது. 2021ல ஒரு சோதனையில நடுவுல ஒரு யூ-2 உளவு விமானத்தை பறக்க விட்டு, அதுல ஒரு கேட்வே பெட்டிய வெச்சு அங்க இருந்து இங்க மொழிபெயர்த்து தான் பேச வெச்சாங்க. ஒரு வீட்டு அண்ணன் தம்பி பேசிக்க பக்கத்து வீட்டு ஆள் தூது போற கதை. இன்டர்ஃபேஸ் ஓப்பனா இருக்கணும்னு கான்ட்ராக்ட்லயே எழுதாம விட்டா இப்படித்தான் ஆகும். அமெரிக்காவுல 2019 ஜனவரிக்கு அப்புறம் வர்ற பெரிய திட்டங்கள்ல மாடுலர் ஓப்பன் முறை (ஒரு பகுதிய கழட்டி வேற கம்பெனியோடத மாட்டுற மாதிரி, இணைப்பு விவரம் திறந்து இருக்கறது) தான்னு சட்டமே போட்டாச்சு.

ரேடார்ராசா:
அதை அலட்சியம்னு சொல்றது தப்பு மணி. லிங்க் 16, அதாவது நேட்டோ நாடுகள் பொதுவா பயன்படுத்துற டேட்டாலிங்க், எல்லா பக்கமும் பரப்பும், அதை மோப்பம் பிடிச்சே எதிரி நீங்க எங்க இருக்கீங்கன்னு கண்டுபிடிச்சிடலாம், அதனால தான் மேடல்ல ஒல்லியான பீமை குறி பார்த்து அனுப்புற மாதிரி செஞ்சாங்க. ரேடார்ல எளிதா மாட்டாத ஸ்டெல்த் விமானத்துல பொது ரேடியோவ போட்டு கத்தினா அப்புறம் ஸ்டெல்த் எதுக்கு? இன்னொண்ணு, லிங்க் 16ல ஒரு ஸ்லாட் (ஒருத்தர் பேச கிடைக்கிற நேரத்துண்டு) 7.8125 மில்லிசெகண்ட், செகண்டுக்கு 128 ஸ்லாட், அதை எல்லாரும் பங்கு போட்டுக்கணும். அதுல ஒரு மெசேஜை மாத்தணும்னா அத்தனை நாடும் ஒத்துக்கணும். ஒரே டீம், ஒரே ரெப்போ (கோடு மொத்தமும் இருக்கற இடம்), ஒரே டெஸ்ட்னு இருந்தா அடுத்த ரிலீஸ்லயே மாத்திடலாம். அதோட ஒவ்வொரு கேட்வேயும் ஒரு திறந்த கதவு, அதை உடைச்சா ரெண்டு பக்கமும் போச்சு.

பழைய_டெஸ்டர்:
நான் கொஞ்ச வருஷம் இன்டெக்ரேஷன் லேப்ல இருந்தேன், அந்த அனுபவத்துல சொல்றேன், ரெண்டு பேரும் கம்பியப் பத்தி பேசுறீங்க, அடி விழறது அர்த்தத்துல. ரெண்டு சிஸ்டம், ரெண்டும் தனித்தனியா கன்ஃபார்மன்ஸ் டெஸ்ட் (ஸ்டாண்டர்ட்படி இருக்கான்னு பார்க்கிற சோதனை) பாஸ், சேர்த்து ஓட்டினா ஸ்க்ரீன்ல ஒரே விமானம் ரெண்டா தெரியுது. ஒண்ணு 9,000 மீட்டர்ல போகுது, இன்னொண்ணு அதே இடத்துல கடல் மட்டத்துல போகுது. மூணு நாள் ரேடார் அலைன்மென்ட்டயே நோண்டிட்டு இருந்தோம். கடைசியில பார்த்தா ஒரு பக்கம் உயரம் தெரியலைன்னா அந்த ஃபீல்டுல 0 போட்டு அனுப்புது, இந்தப் பக்கம் அதை நிஜ உயரம்னு எடுத்துக்கிட்டு புதுசா ஒரு ட்ராக் நம்பர் குடுத்திடுது. ரெண்டு டாக்குமென்ட்லயும் ஒரே வரி தான்: "உயரம், மீட்டரில்". தெரியலைன்னா என்ன அனுப்பணும்னு எவனும் எழுதல.

கோட்மணி:
அதே தான் சார் நான் சொல்றதும், எழுதி வெக்கணும். 1994 ஏப்ரல் 14, வட ஈராக், ரெண்டு அமெரிக்க எஃப்-15 போர் விமானம் தங்களோட சொந்த ப்ளாக் ஹாக் ஹெலிகாப்டர் ரெண்டையும் சுட்டு வீழ்த்துச்சு, 26 பேர் போயிட்டாங்க. எஃப்-15ல இருந்தது ஹேவ் க்விக்ங்கிற, எதிரியால குழப்ப முடியாத ரேடியோவோட புது வெர்ஷன், ஹெலிகாப்டர்ல பழசு, அதுல ரெண்டும் பேசிக்க முடியாது. இதைப் படிச்சிட்டு என்னால சும்மா கடந்து போக முடியல, ஒரு வெர்ஷன் நம்பர் வித்தியாசம் சார்.

ரேடார்ராசா:
பாதி தான் சொல்றீங்க. அன்னைக்கு ரெண்டு பக்கமும் ஐஎஃப்எஃப் (நம்மாளா எதிரியான்னு கோடு கேட்டு அடையாளம் பார்க்கிற கருவி) இருந்துச்சே, அது பொது ஸ்டாண்டர்ட் தானே? அந்த ஏரியாவுக்குள்ள நுழைஞ்சா கோடை மாத்தணும்ங்கிறது ஹெலிகாப்டர்காரங்களுக்கு தெரியவே இல்ல, பழைய கோடோட போனாங்க. ஸ்டாண்டர்ட் இருந்தும் ஆள் போச்சு. அந்த ஏரியாவ கண்காணிச்சிட்டு இருந்த அவாக்ஸ் ரேடார் விமானத்துல கூட யாரும் தடுக்கல. இதை ஓப்பன் ஆர்க்கிடெக்சர் எப்படி சரி பண்ணும்?

நிலா_எம்பெடெட்:
ராசா அண்ணா, ஒரே டீம் ஒரே ரெப்போன்னீங்கல்ல, அதுக்கு சவுதி அரேபியாவுல இருக்கற தஹ்ரான்ல நடந்தது தான் பதில். 1991 பிப்ரவரி 25, எதிரி ஏவுகணைய சுட்டு வீழ்த்துற பேட்ரியாட் பேட்டரி தொடர்ந்து 100 மணி நேரத்துக்கு மேல ஓடிட்டு இருந்துச்சு. டைம் பத்துல ஒரு செகண்டா எண்ணுது, 0.1ஐ பைனரில முழுசா எழுத முடியாது, 24 பிட்ல வெட்டும்போது துளியூண்டு மிச்சம் விட்டுப் போகுது, அது சேர்ந்து சேர்ந்து 0.34 செகண்ட் ஆயிடுச்சு. ஈராக்கோட ஸ்கட் ஏவுகணை அதுக்குள்ள அரை கிலோமீட்டருக்கு மேல போயிடும். 28 வீரர்கள் செத்தாங்க, திருத்தின சாஃப்ட்வேர் மறுநாள் தான் அங்க போய்ச் சேர்ந்துச்சு. எனக்கு மனசுல நிக்கிறது எதுன்னா, டைமை இன்னும் துல்லியமா மாத்துற ரொட்டீன் ஒண்ணு ஏற்கனவே அந்த கோடுக்குள்ள வந்திருந்துச்சு, ஆனா கூப்பிட வேண்டிய எல்லா இடத்துலயும் அதைக் கூப்பிடல. எல்லாமே பழசா இருந்திருந்தா கழிக்கும்போது ரெண்டு பிழையும் ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கிட்டு போயிருக்கும். அதாவது ஒரே சிஸ்டத்துக்குள்ளயே ரெண்டு பகுதி டைம்ல ஒத்துப்போகல.

ரேடார்ராசா:
இது நல்ல பாயிண்ட் நிலா, ஒத்துக்கறேன், ஒரே ரெப்போன்னா தானா ஒத்துப்போகும்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஏ கம்பெனி மாட்யூலை கழட்டிட்டு பி கம்பெனியோடத போட்டா சர்டிஃபிகேஷனுக்கு யார் கையெழுத்து போடுவாங்க? ஆயுதத்தை விடுற முடிவு அந்த கோடு வழியா தான் போகுது. மொத்தத்தையும் மறுபடி டெஸ்ட் பண்ணணும்னா மாடுலர்ல மிச்சம் என்ன?

பழைய_டெஸ்டர்:
மொத்தத்தையும் டெஸ்ட் பண்ணித்தான் ஆகணும், அதுல குறுக்கு வழி கிடையாது. ஆனா டெஸ்ட் யார் கைல இருக்குங்கிறது தான் விஷயம். ஸ்பெக்கை பிடிஎஃப்ஆ மட்டும் குடுக்காம, ஓடக்கூடிய டெஸ்ட் செட்டா குடுக்கணும், லைவ்ல பதிவு பண்ண டேட்டா, உயரமே இல்லாத ட்ராக், டைம் பின்னாடி போற பாக்கெட், 100 மணி நேரம் நிறுத்தாம ஓட்டுற ரன் எல்லாம் அதுல இருக்கணும். அது வாங்குறவங்க சொத்தா இருக்கணும், விக்கிறவன் கைல இருக்கவே கூடாது. எங்க லேப்ல அந்த 0 கேஸை கடைசியில சேர்த்தோம், அதுக்கப்புறம் வந்த அடுத்த சப்ளையரும் அதே கேஸ்ல ஃபெயில் ஆனாங்க, ஆனா மூணு நாள் ஆகல, பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடுச்சு.

ரேடார்ராசா:
டெஸ்ட் செட் வாங்குறவங்க கைல இருக்கணும், அதுக்கு சரி. கேட்வேய மட்டும் நான் இன்னும் ஒத்துக்கல, அதோட ரெண்டு பக்கத்துலயும் ரகசியத்தை திறக்கிற என்க்ரிப்ஷன் சாவி யார்கிட்ட இருக்கும்னு யாராவது சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.