இலவசமாக எழுதும் எழுத்தாளருக்கு எவ்வாறு துணை நிற்கலாம்?

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம். இலங்கையின் அம்பாறை மாவட்டத்திலுள்ள திருக்கோவில் என்ற ஊரைச் சேர்ந்த அக்கா ஒருவர், எங்கள் வயல்வாழ்வைச் சொல்லும் நாவலொன்றை இணையத்தில் இலவசத் தொடராக எழுதி வருகிறார்; களவெட்டியில் (நெல் சூடடிக்கும் களத்தில்) போடியாரும் (வயற்சொந்தக்காரர்) முல்லைக்காரனும் (அவருக்காக வயலைப் பார்ப்பவர்) நெற்கணக்குப் பார்க்கும் அத்தியாயத்தைப் போல நம் மண்ணின் பேச்சு அச்சொட்டாக வந்த எழுத்தை அண்மையில் நான் வாசிக்கவில்லை. அவருக்கு வாசகர்களாகிய நாம் என்ன செய்யலாம் என்று ஆலோசனை தாருங்கள்.

அத்தியாயங்களைப் பிரதியெடுத்து வட்ஸ்அப்பில் பரப்பாமல் இணைப்பை மட்டும் பகிர்ந்தும், எழுத்துப்பிழைகளைத் தனிப்பட அறிவித்தும், மனதைத் தொட்ட இடங்களைக் குறிப்பிட்டு விரிவாக எழுதியும் வருகிறேன். பணம் அனுப்புவதாயின், அவர் சங்கடப்படாதவாறு எப்படிக் கேட்பது? டேட்டா ரீலோட் போட்டுக்கொடுப்பது பொருத்தமாகுமா?

நாவல் நிறைவுற்றதும், அவர் சம்மதித்தால், ஈழத்து எழுத்துக்களை 2005 முதல் இணையத்தில் ஆவணப்படுத்திவரும் நூலகத் திட்டத்திடம் அதனை ஒப்படைக்க விரும்புகிறேன். நடைமுறை அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.