மறுமொழி: ‘கடற்கரைக் கண்காணிப்பு’ என்று ஒரே சொல் போதுமா?

ஐயா, வணக்கம்.

பினாங்குக் கடலோரத் திட்டங்களுக்கான தமிழ்க் கையேட்டில், மலாயில் வரும் ‘பெமந்தாவான் காரிஸ் பந்தாய்’, ‘பெமாத்துஹான் ஷராத்’ இரண்டுக்கும் சேர்த்து ‘கடற்கரைக் கண்காணிப்பு’ என்று போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். ஒன்று கரையை அளக்கும் வேலை. மற்றது, அனுமதி வாங்கியவர் நிபந்தனைப்படி நடக்கிறாரா என்று பார்க்கும் வேலை. ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டால், அளந்து முடித்ததும் சோதனையும் முடிந்துவிட்டது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

தவிர, ‘கண்காணிப்பு’ என்றதும் நம் பெரியவர்களுக்குத் தோட்டத்துக் கங்காணிதான் நினைவுக்கு வருகிறார். ஆளைப் பார்க்கும் வேலைக்கு அது பொருந்தட்டும், கடலுக்கு எதற்கு?

முதலில் ‘கரை’. பத்து ஃபிரிங்கியில் பரந்து கிடக்கும் மணல் முழுவதும் கடற்கரைதான். அளப்பவருக்கு வேண்டியதோ ஒரு கோடு. அதுவும் தண்ணீர் நிற்கிற இடம் அல்ல. இங்கே நாளுக்கு இரண்டு முறை ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறி வற்றுகிறது. பெரிய ஓத நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 2 மீட்டர் வித்தியாசம். 200 மீட்டருக்கு 1 மீட்டர் மட்டுமே சரிகிற சேற்றுக்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்விளிம்பு ஒரே நாளில் 400 மீட்டர் போய்வந்துவிடும். இரண்டு செயற்கைக்கோள் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘கரையைக் காணோம்’ என்று பகிர்பவர்கள், படம் எடுத்த நேரத்தைப் பார்ப்பதே இல்லை. அதனால்தான் நில அளவையாளர்கள் கரைக்குக் குறுக்கே நிலையான கோடுகளைக் குறித்துக்கொண்டு, பருவம்தோறும் அதே கோடுகளில் தரைமட்டத்தை அளக்கிறார்கள். வடிகால், நீர்ப்பாசனத் துறையின் 1997ஆம் ஆண்டு வழிகாட்டி கட்டுமானங்களுக்கும் கரைக்கும் இடையே மணற்கரையில் 60 மீட்டர், சேற்றுக்கரையில் 400 மீட்டர் இடைவெளி விடச் சொல்கிறது. கோடு எதுவென்று தீர்மானிக்காமல் அந்த மீட்டரை எங்கிருந்து அளப்பது?

எனவே ‘கரைக்கோடு’. ‘காரிஸ் பந்தாய்’ என்பதோடும் அப்படியே ஒட்டுகிறது. தண்ணீர் தொடும் இடத்துக்கு ‘நீர்விளிம்பு’ போதும்.

அடுத்து ‘மாற்றம்’. சிலர் ‘கடலரிப்பு’ என்றே எழுதலாம் என்றார்கள். அது பாதிக் கதைதான். பினாங்கின் கடலோரச் சாலையான கர்னி டிரைவில் நடந்ததைப் பாருங்கள். தஞ்சோங் தோக்கோங் பக்கம் கடலைத் தூர்த்த பிறகு (நிலமீட்பு என்கிறார்கள், யாரிடமிருந்து மீட்டார்களோ) நீரோட்டம் தளர்ந்து, மணல் இருந்த இடத்தில் சேறு வந்து படிந்தது. அங்கே கரை தேயவில்லை, மேடேறியது. அரிப்பு, படிவு இரண்டையும் ‘மாற்றம்’ ஒன்றுதான் தாங்கும். ஆக, ‘கரைக்கோட்டு மாற்ற அளவீடு’. படிவுக்குத் தனிச்சொல் வேண்டுமென்றால் சங்கப் பாடல்களில் வரும் ‘எக்கர்’ இருக்கிறது, அலை குவித்த மணல்மேடு. எனக்கு அதன்மேல் ஒரு கண்.

இனி ‘பெமாத்துஹான்’. அகராதிகள் தரும் ‘இணக்கம்’ எனக்கு ஒப்பவில்லை. இரு தரப்பும் பேசி இணங்கிப் போவதுபோல் இருக்கிறது. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 34ஏ பிரிவில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஏற்கப்பட்ட பிறகு, நிபந்தனைகள் பின்பற்றப்படுவதற்குப் போதிய சான்று காட்டவேண்டியவர் திட்டத்தை நடத்துபவர். சேறு பரவாமல் கடலில் கட்டும் வண்டல் தடுப்புத் திரை கிழிந்திருக்கிறதா, தூர்க்கும் பரப்பு வரைபடத்தைத் தாண்டிவிட்டதா என்பதெல்லாம் இதில்தான் வரும். ‘நிபந்தனை நிறைவேற்றம்’ என்று சொல்லி, அதைச் சோதிப்பதை ‘நிபந்தனைச் சரிபார்ப்பு’ எனலாம். அனுமதியைக் குறிக்கும் ‘பெர்மிட்’ எல்லார் வாயிலும் இருப்பது, அப்படியே விடுங்கள்.

*

தம்பி, உங்கள் மறுமொழியைப் படித்துவிட்டுப் பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன்.

கரைக்கோடு சரி. நிபந்தனைச் சரிபார்ப்பும் சரி. எக்கர் மட்டும் வேண்டாம். கர்னி டிரைவில் படிந்தது சேறு; நீங்களே எக்கர் என்றால் மணல்மேடு என்று எழுதிவிட்டு அதைச் சேற்றுக்குப் போடுவது எப்படி? இருக்கிற ‘படிவு’ போதும்.

இன்னொன்று. ‘அளவீடு’ என்றால் ஒருமுறை அளந்தாலும் அளவீடுதான். நீங்கள் சொன்ன வேலை பருவம்தோறும் அதே கோட்டில் நடப்பது. ‘கரைக்கோட்டு மாற்றத் தொடர் அளவீடு’ என்று போடலாமா? நீளம்தான். கையேட்டில் முதல் இடத்தில் முழுதாக எழுதிவிட்டு, பிறகு ‘தொடர் அளவீடு’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

திட்டம் தொடங்குவதற்கு முன் எடுக்கும் முதல் அளவுக்கு இன்னும் சொல் வரவில்லை. ‘தொடக்கநிலை அளவு’ என்று நான் வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.