பனை நார் கலந்த மீன் பெட்டி பாம்பன் வெயிலையும் ஈரத்தையும் தாங்குமா?

பனங்காடு: நீலப் பிளாஸ்டிக் மீன் பெட்டிக்குப் பதிலாகப் பனை நாரை பிஎல்ஏ என்ற தாவரப் பிளாஸ்டிக்கில் கலந்து வார்க்கலாம் என்றால் ஏன் சிரிக்கிறீர்கள்? சாயல்குடிப் பக்கம் பனைக்குப் பஞ்சமா? பிஎல்ஏ சோளம், கரும்பிலிருந்து வருவது, பயன் முடிந்தால் மக்கிவிடும். ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்தாலும் வலிமை நன்றாகவே இருக்கிறது.

உப்புக்காற்று: காய்ந்த துண்டை இழுத்தால் இருக்கத்தான் செய்யும் தம்பி. பாம்பனில் பெட்டி எப்போது காய்ந்திருக்கிறது? விடியற்காலையில் ஐஸ் தண்ணீர், பத்து மணிக்கு மேல் வெயில், ராத்திரி கடற்காற்று. நார் தண்ணீரைக் குடித்து ஊதும், பிஎல்ஏ அந்த அளவுக்கு ஊதாது, அதனால் இரண்டும் ஒட்டிய இடத்தில் பிடி விடும். காய்ந்ததும் நார் சுருங்கி அங்கே இடுக்கு விழும், அடுத்த தடவை தண்ணீர் அந்த இடுக்கு வழியே இன்னும் வேகமாக ஏறும்.

பனங்காடு: நாரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கழுவினால் மெழுகும், தண்ணீரை இழுக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருளும் போய்ப் பிடிமானம் கூடும். உப்புத் தண்ணீர் ஏறுவதும் பொதுவாக நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவுதான்.

உப்புக்காற்று: குறையும், நிற்காது. கைப்பிடி ஓட்டை, உடைந்த விளிம்பு என்று நார் முனை வெளியே தெரிகிற இடமெல்லாம் வாசல்தான். வெப்பத்தை நீங்கள் தொடவே இல்லை. பிஎல்ஏ 55–60 டிகிரியில் இளக ஆரம்பிக்கும், ஈரம் ஏறியிருந்தால் அதற்கும் கீழேயே. வெயிலில் நிற்கிற மூடிய வண்டிக்குள் நாலு பெட்டியை அடுக்கிவிட்டு அடிப்பெட்டி என்ன கோலத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

பனங்காடு: மூலக்கூறுகள் ஒழுங்காக அடுங்கிப் படிகமாகும்படி வார்த்தால் 100 டிகிரி வரை வடிவம் நிற்கும் அண்ணே.

உப்புக்காற்று: வடிவம் நிற்கும், பிஎல்ஏ-வின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலி நிற்குமா? அந்தச் சங்கிலியைக் கோத்திருக்கும் எஸ்டர் பிணைப்பைத் தண்ணீர் அறுக்க அறுக்க அமில முனைகள் உண்டாகும், அவையே அடுத்த அறுப்பை வேகப்படுத்தும். படிகமாகாத பகுதியில்தான் அது முதலில் தொடங்கும். ஈரத்தால் வந்த தளர்ச்சி வெயிலில் காய வைத்தால் ஓரளவு திரும்பும், அறுந்தது திரும்பாது.

பாசித்தெப்பம்: இவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகும் என்றால் கடலில் விழுந்தால் கரைந்துவிடும்தானே? நல்லதுதானே?

உப்புக்காற்று: அதுதான் இல்லை. பிஎல்ஏ மக்குவதற்கு 58 டிகிரி அளவில் சூடான உரக்குவியல் வேண்டும். நம் கடல் முப்பதை ஒட்டித்தான் இருக்கும். பெட்டியாக உதவாத அளவுக்குப் பலம் போயிருக்கும், ஆனால் துண்டு துண்டாகக் குருசடைத் தீவுக் கரையில் வருஷக்கணக்கில் கிடக்கும். கடலிலேயே நுண்ணுயிர் தின்ன வேண்டுமென்றால் நுண்ணுயிர்களே உண்டாக்கும் பிஹெச்ஏ என்ற பிளாஸ்டிக் வகைக்குப் போங்கள், விலை கூட.

பாசித்தெப்பம்: அப்படியென்றால் பெட்டியை விடுங்கள். நாங்கள் தெப்பத்தில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் கடற்பாசிக்கு 45 நாள்தான் ஒரு சுற்று. கட்டுகிற கிளிப் மட்டும் பிஹெச்ஏ-வில் நார் கலந்து செய்தால்?

உப்புக்காற்று: அது பேச வேண்டிய விஷயம். 70 டிகிரித் தண்ணீரில் ஊறவைத்து ஆயுள் கணக்குப் போடாதீர்கள், நம் கடலில் நடக்கும் வேகத்தை அது சொல்லாது. தெப்பத்திலேயே கட்டிவிடுங்கள், வாரம் ஒன்றை எடுத்து ஈரத்தோடு ஒரு எடை, காய வைத்து ஒரு எடை, அப்புறம் உடைத்துப் பாருங்கள்.

பனங்காடு: என் பெட்டியிலும் ஒரு துண்டு வெட்டித் தருகிறேன், சேர்த்துக் கட்டுங்கள்.

உப்புக்காற்று: கட்டுங்கள், ஆனால் வெட்டு முனைக்கு மெழுகு பூசிக் கொண்டுவராதீர்கள் தம்பி.