ஒபசுதே சரிவில் தண்ணீர் நிற்கும் நாட்கள்

வெளியில் உட்கார்ந்து வரையும்போது சந்தித்த மனிதர்களைப் பற்றி ஓவியம் வரைகிறவர்கள் எழுதுவதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒபசுதேதான் ஞாபகம் வருகிறது. ஜப்பானின் நகானோ மாகாணத்தில், சிகுமா நகரத்தை ஒட்டிய மலைச்சரிவு அது. சுமார் 1500 சிறு நெல்வயல்கள் படிப்படியாகக் கீழே இறங்குகின்றன. ஷினோனோய் ரயில் பாதையில் 551 மீட்டர் உயரத்தில் ரயில் நிலையம். சரிவு கடுமையானதால் அங்கே நிற்கும் ரயில், நிலையத்துக்குள் வரவோ வெளியே போகவோ பின்னோக்கி நகர வேண்டும். நடைமேடையில் உள்ள பெஞ்சுகள் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கும். அப்படிப் போடத் தோன்றியவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

அங்கே மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் நடவு. பரம்படித்து, தண்ணீர் கட்டி, நாற்று விரலளவு மட்டும் தலைகாட்டும் அந்தச் சில வாரங்களுக்காகத்தான் நான் போவேன். காலையில் காற்று இல்லாதபோது தண்ணீர் அசையாது. பக்கத்து வயலைக் குனிந்து பார்த்தால் அடியிலுள்ள சேறு தெரியும். தூரத்து வயலில் வானம் மட்டும்தான். அதனால் பக்கத்தில் இருப்பதைப் பழுப்பு கலந்தும், தூரத்தில் இருப்பதைக் காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டும் வரைகிறேன். பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்குக் காற்று ஏறி வந்தால் எல்லாம் கலைந்து வெறும் சாம்பல் நிறமாகிவிடும். அப்புறம் வரப்பையும் மரத்தையும் வரைய வேண்டியதுதான்.

ஒரு காலையில் பாதையோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ரப்பர் பூட்ஸும் தோளில் மண்வெட்டியுமாக ஒரு பெரியவர் மடை பார்க்க வந்தார். என் காகிதத்தை அவர் முதலில் பார்க்கவில்லை, என் கால்கள் எங்கே இருக்கின்றன என்றுதான் பார்த்தார். வரப்பில் இல்லை என்றதும் முகம் மலர்ந்தது. "அங்கேயே இருங்க, நல்ல இடம்" என்றார். வசந்தத்தில் வரப்பின் உள்பக்கத்தைச் சேறு பூசி வழவழப்பாக்குகிறார்கள். அதில் ஒரு கால் பதிந்தாலும் தண்ணீர் கசிந்து கீழ் வயலுக்குப் போய்விடும். மேல் வயலின் தண்ணீர்தான் அடுத்த வயலுக்கும் இறங்குகிறது என்பதால் ஒருவர் வரப்பு உடைந்தால் கீழே உள்ள எல்லோருக்கும் வேலை. படம் எடுக்க வருகிறவர்கள் வரப்பில் ஏறி நிற்பதுதான் தனக்குப் பெரிய வருத்தம் என்று அவர் சொன்னபோது எனக்கும் மனது கனத்தது. போகிறவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள்.

அவர் காட்டியிராவிட்டால் நான் கவனித்திருக்க மாட்டேன் என்று சில விஷயங்கள் உண்டு. நடவு இயந்திரம் போன பிறகு வயலின் மூலைகளைக் கையால்தான் நடுகிறார்கள். இந்தச் சின்ன வயல்களில் வளைவே அதிகம் என்பதால் அந்தக் கைவேலையும் அதிகம். மிச்ச நாற்றைக் கட்டாக மூலையில் போட்டு வைத்து, நடவு விட்டுப்போன இடங்களில் சொருகுகிறார்கள். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குலை நோய் அங்கிருந்துதான் கிளம்பும் என்றார். வரப்பின் மண் பொந்துகளிலிருந்து கேட்ட சத்தம் பச்சைத் தவளைகளுடையது. வெள்ளை நுரைக்குள் முட்டையிட்டு மண்ணுக்குள் மறைத்து வைக்கும் ரகம். தூரத்தில் குயில் இனப் பறவை ஒன்று, 'கக்கோ, கக்கோ' என்று விடாமல் கூப்பிட்டது. அந்த நுரையை வரைந்த பக்கம் எனக்கு மிகப் பிடித்த பக்கங்களில் ஒன்று.

நிலவைப் பற்றியும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். 'ஒவ்வொரு வயலிலும் ஒரு நிலவு' என்று இங்குள்ள நிலவுக் காட்சிக்குப் பழைய பெயர் உண்டு. பழைய ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே தன் மர அச்சு ஓவியத்தில் வயலுக்கு வயல் நிலவை வைத்திருக்கிறார். உண்மையில் ஓர் இடத்தில் நின்று பார்த்தால் ஒரே வயலில்தான் நிலவு தெரியும். "நட, அதுவும் கூட நடக்கும்" என்றார். அன்று இரவு தங்கி, கியோதாய் மலைக்கு மேல் நிலவு ஏறியதும் பாதையில் இறங்கினேன். நான் அடியெடுத்து வைக்க வைக்க அது ஒரு வயலிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே வந்தது. அப்போதுதான் ஹிரோஷிகே ஒரு நிற்றலை அல்ல, ஒரு நடையை வரைந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. அதற்கப்புறம் நானும் ஒரே காட்சியை நான்கு கட்டமாகப் பிரித்து வரைகிறேன்.

இந்த வயல்களில் எல்லாவற்றையும் உள்ளூர்க்காரர்களே செய்வதில்லை. நகரத்துக் குடும்பங்கள் வருடக் கட்டணம் கட்டி ஒரு வயலுக்குப் பொறுப்பேற்று, நடவுக்கும் அறுப்புக்கும் வருகிறார்கள். மீதி நாட்களில் தண்ணீர் பார்ப்பதும் வரப்பில் புல் வெட்டுவதும் இந்தப் பெரியவரைப் போன்றவர்கள்தான்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. சராசரியாக ஜூன் 7 வாக்கில் அந்தப் பக்கம் மழைக்காலம் தொடங்கிவிடும், நீர்வண்ணம் லேசில் காயாது. அந்த நாட்களுக்குப் பென்சிலும் மெழுகு வண்ணமும் வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் போகப் போகப் பயிர் தூர் கட்டித் தண்ணீரை மறைத்துவிடும், அதன் பிறகு வேர் பலப்பட வயலைக் கொஞ்ச நாள் காயவும் போடுவார்கள். வயலில் வானத்தை வரைய ஆசை என்றால் ஜூன் முதல் வாரத்துக்குள் போய்விடுங்கள்.