அம்மாவோட எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல "மூளை சுருக்கம்"னு இருக்கு, 68 வயசுக்கு இது நார்மலா?

ஈசூன்_மக:
வணக்கம். அம்மாவுக்குப் போன மாசம் ரெண்டு மூணு தடவை தலைசுத்தல், பாலிகிளினிக்ல எழுதிக் குடுத்து எம்ஆர்ஐ எடுத்தாச்சு. டாக்டரைப் பார்க்க இன்னும் 9 நாள் இருக்கு ஆனா ரிப்போர்ட் கைக்கு வந்துருச்சு. வயசுக்கேத்த சுருக்கம், வென்ட்ரிக்கிள் (மூளைக்குள்ள திரவம் இருக்கற அறை) லேசா விரிஞ்சிருக்கு, வெள்ளைப் பகுதியில (நரம்பு இழைங்க போற உள்பகுதி) சின்னச் சின்னப் புள்ளி, ஃபசேகாஸ் 1, ஹிப்போகேம்பஸ் (ஞாபகத்துக்கான பகுதி) நார்மல், இப்படிப் போட்டிருக்கு. அம்மா இன்னைக்கும் தேக்கா மார்க்கெட்ல சீட்டு இல்லாம இருபது சாமான் வாங்கிட்டு வருவாங்க, மீன்காரர் கணக்குல 50 காசு தப்புன்னாலும் அங்கயே பிடிச்சிருவாங்க. அப்படிப்பட்டவங்க "என் மூளை சுருங்கிப்போச்சாமே"னு ராத்திரி முழிச்சு உக்காந்திருக்காங்க. நான் வேற நெட்ல ஒரு 25 வயசுக்காரரோட ஸ்கேனைப் பக்கத்துல வச்சுப் பார்த்து இன்னும் பயந்துட்டேன்.

ஸ்கேன்_ரூம்:
நான் ரேடியோகிராஃபர், 14 வருஷமா இதே வேலை. மொதல்ல அந்த 25 வயசுப் படத்தை மூடி வைங்க, 68 வயசு மூளையை 68 வயசு மூளையோடதான் வச்சுப் பார்க்கணும். முத்துன தேங்காயில பருப்பு ஓட்டை விட்டு லேசா விலகும்ல, அதுமாதிரி 40 வயசுக்கு மேல பத்து வருஷத்துக்கு சுமார் 5% வரைக்கும் மூளையோட அளவு குறையும், மண்டையோடு அதே சைஸ்தான், அந்த இடத்துல தண்ணி மாதிரி இருக்கற திரவம் நிரம்பிக்கும். அதனாலதான் நடுவுல இருக்கற வென்ட்ரிக்கிள் பெருசாவும் மேல இருக்கற மடிப்புங்க அகலமாவும் தெரியுது. ஃபசேகாஸ்ங்கறது அந்த வெள்ளைப் பகுதிப் புள்ளிங்களை அளக்க 1987ல வந்த அளவுகோல், 0ல இருந்து 3 வரைக்கும் இருக்கு, 1னா அங்கங்க தனித்தனிப் புள்ளி, அவ்வளவுதான். 60 தாண்டினவங்க நிறைய பேருக்கு இது இருக்கு. புள்ளி கூடாம இருக்கணும்னா பிரஷர், சுகர் ரெண்டையும் விடாம பார்த்துக்கணும். தலைசுத்தலுக்கு காதுக்குள்ள இருக்கற பிரச்சினையும் காரணமா இருக்கலாம், அதையும் டாக்டர்கிட்ட கேளுங்க.

பொங்கோல்_அப்பா:
அக்கா உங்க பயம் எனக்குப் புரியுது. என் பையனுக்கு 7 மாசத்துல எடுத்தாங்க, படத்துல சாம்பல் பகுதி (நரம்பு செல்லுங்க இருக்கற பகுதி) எது வெள்ளைப் பகுதி எதுன்னே பிரியல, எனக்கு கை நடுங்கிருச்சு. அப்புறம் டாக்டர் பொறுமையா சொன்னாங்க, பொறந்த குழந்தைக்கு நரம்பு மேல மயலின் உறை இன்னும் சரியா வராததால டி1ங்கற ஒரு வகை எம்ஆர்ஐ படத்துல பெரியவங்களுக்கு நேர்மாறா வெள்ளைப் பகுதிதான் கருப்பா தெரியுமாம், உறை ஏற ஏற நடுவுல ஒரு கட்டத்துல ரெண்டும் ஒரே நிறமா ஆகிடுமாம், அந்த நேரத்துலதான் இவனுக்கு எடுத்திருக்காங்க, ஒரு வயசு வாக்குல டி1 படம் பெரியவங்க மாதிரி ஆகும், டி2ங்கற இன்னொரு வகைப் படத்துக்கு ரெண்டு வயசு ஆகும்னாங்க. அதே படம் 30 வயசு ஆளுக்கு வந்திருந்தா பெரிய விஷயம்.

நியூரோ_மாணவி:
2022ல நேச்சர் இதழ்ல மூளைக்கு வளர்ச்சி வரைபடமே போட்டாங்க, குழந்தைக்கு எடை உயரம் பார்க்கற சார்ட் மாதிரி. ஒரு லட்சத்துக்கும் மேல ஆளுங்க, 1,23,984 ஸ்கேன், கரு முதல் 100 வயசு வரைக்கும். சாம்பல் பகுதி உச்சத்துக்குப் போறது சுமார் 6 வயசுல, வெள்ளைப் பகுதி 29 கிட்ட. அதாவது சாம்பல் பகுதி குறையறது நாம பிரைமரி ஸ்கூல் போறப்பவே ஆரம்பிச்சுடுது! ஆனா அந்த டேட்டால பெரும்பாலும் ஐரோப்பா, வட அமெரிக்கா ஆளுங்கதான், எனக்கு அதுதான் குறை. நம்ம சிங்கப்பூர்ல 2009ல ஆரம்பிச்ச கஸ்டோங்கற தாய்-சேய் ஆய்வுல சீன, மலாய், இந்தியத் தாய்மாரோட குழந்தைங்களுக்கு எம்ஆர்ஐ எடுத்திருக்காங்க, நம்ம வயசானவங்களுக்கும் அப்படி நிறைய வரணும்.

ஈசூன்_மக:
ரொம்ப நன்றி. தேங்காய் உதாரணத்தை அப்படியே அம்மாகிட்ட சொன்னேன், "அப்போ முத்துன தேங்காய்தானே குழம்புக்கு நல்லது"ன்னாங்க. பிரஷர் காலையில 148 காட்டுச்சு, தினம் ரெண்டு வேளை எழுதி வச்சு டாக்டர்கிட்ட கொண்டுபோறோம்.