பெட்டியோடு சேர்த்து நிறுக்கலாமா?

கிலோ 600 ரூபாய் மைசூர்பாகை 80 கிராம் அட்டைப்பெட்டியோடு நிறுக்கிறார்கள். "எல்லாக் கடையிலும் இப்படித்தான்" என்கிறார் முதலாளி. கிறிஸ்தவ விசுவாசி நடத்தும் கடை. சரியா?

பதில் 1:
இல்லை பிரதர். 48 ரூபாய்க்கு அட்டையை விற்கிறார். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு (நீதிமொழிகள் 11:1). காலிப் பெட்டியைத் தட்டில் வைத்து 'டேர்' (பெட்டி எடையைக் கழிக்கும் பொத்தான்) அழுத்தணும். 0 காட்டியபின் இனிப்பு. பெட்டிச் செலவு கையைக் கடித்தால் விலையை ஏற்றி பலகையில் எழுதட்டும், அது பாவமில்லை.

பதில் 2:
பெட்டி அளவு மாறினால் மறுபடி டேர் போடணும். இல்லாவிட்டால் பெரிய பெட்டியில் வாங்குபவருக்கு நஷ்டம், சின்னதில் கடைக்கு. மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை அரசு முத்திரையும் வேண்டும்.

பதில் 3:
உபாகமம் 25:13-ஐயும் பாருங்கள்: பையில் பெரிதும் சிறிதுமான நிறைகற்கள் கூடாது. சரக்கு வாங்கும்போது சாக்கு எடையைக் கழித்துவிட்டு, விற்கும்போது மட்டும் பெட்டியைச் சேர்க்கிறாரா முதலாளி?