நிரலில் ஒரு கிளாஸை (ஒரு வகைப் பொருளின் தகவலையும் செயலையும் சொல்லும் அச்சு) யார் வேண்டுமானாலும் நீட்டலாம், அதிலிருந்து புது கிளாஸ் எடுக்கலாம் என்று திறந்தே விடலாமா?

மண்டபம்காரன்: மீன் ஏலக்கணக்குக்கு ஜாவா நிரல்மொழியில் ஒரு செயலி எழுதினேன். கூட வேலை பார்க்கும் தம்பி, டீசல் கணக்கு சும்மா கிடைக்குமே என்று ‘விசைப்படகு’ கிளாஸிலிருந்தே ‘வல்லம்’ (நாட்டுப்படகு) கிளாஸை எடுத்துவிட்டான். ஏப்ரல் 15 வந்தது. விசைப்படகுக்கான 61 நாள் மீன்பிடித் தடை வல்லத்துக்கும் சேர்ந்து விழுந்து, நண்டு கொண்டுவந்தவருக்கு ஏலச்சீட்டே வரவில்லை. கோட்லின் மொழி மாதிரி கிளாஸ் மூடியே இருந்தால் நல்லதில்லையா?

பாம்பன்: நல்லதுதான் அண்ணே. கோட்லினில் ‘ஓப்பன்’ என்று எழுதினால்தான் இன்ஹெரிட்டன்ஸ், அதாவது ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றை எடுப்பது. ஜாவாவிலும் நீங்களே ‘ஃபைனல்’ போட்டு மூடியிருக்கலாமே?

தொண்டி: மூடியே இருந்தாலும் தொல்லைதான். ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்போடு கோட்லின் எழுதிப் பாருங்கள், கிளாஸ்களைத் திறந்துவிடவே தனி பிளகின் (துணை மென்பொருள்) வைத்திருக்கிறார்கள்.

மண்டபம்காரன்: ‘ஃபைனல்’ போட மறந்தேன், அதுதானே பிரச்சினை! டீசல் கணக்கை இப்போது தனி கிளாஸாக்கி இரண்டு படகிலும் வைத்துவிட்டேன். எவை நீட்டலாம் என்று பெயர் சொல்லி அனுமதிக்கும் ஜாவா 17-இன் ‘சீல்டு’ கிளாஸை அப்புறம் பார்க்க வேண்டும்.